வெளிறிய சிவப்பு எத்தனை ஆண்டு தாங்கும்? இத்தாலியின் மெல்லிய ஒயின்களை வைத்துக் குடிக்க ஒரு வழிகாட்டி

இத்தாலிய ஒயினில் ஆர்வம் வந்தவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கையில் இருக்கும் இந்த மெல்லிய சிவப்பு ஒயினை இப்போதே திறப்பதா, சில வருடம் வைத்திருப்பதா? பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கருஞ்சிவப்பு என்றால் நீடிக்கும், கிளாஸின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு வெளிறியிருந்தால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இத்தாலியில் இந்தக் கணக்கு செல்லாது. வடமேற்கே பியெமோந்தேயில் விளையும் டோல்செத்தோ அடர்ந்த ஊதா நிறம் கொண்டது. ஆனால் அதில் பெரும்பாலான புட்டிகளை மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்துவிடுவதுதான் நல்லது. அதே ஊர்களில், பக்கத்துச் சரிவில் விளையும் நெபியோலோ இளமையிலேயே வெளிறியிருக்கும், சில வருடத்தில் விளிம்பில் ஆரஞ்சு படரும். அதிலிருந்து வரும் பரோலோ முப்பது ஆண்டு தாண்டியும் நிற்கும். நிறத்தை நம்பியவர் நல்ல பரோலோவை அவசரப்பட்டுத் திறந்து வீணாக்குவார், டோல்செத்தோவை வைத்திருந்து ஏமாறுவார். இந்த வழிகாட்டியின் நோக்கம் அந்த இரண்டையும் தவிர்ப்பது.

முதல் படி: நிறத்தை விடுங்கள், வாயைக் கேளுங்கள்

சிவப்பு ஒயினைக் காலத்தில் தாங்கிப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு: புளிப்பு, துவர்ப்பு. புளிப்பு சாற்றில் இருக்கிறது. துவர்ப்பு, அதாவது டானின், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிறது. கொட்டைப்பாக்கை மென்றதும் ஈறும் நாக்கும் இறுகுமே, கிட்டத்தட்ட அந்த உணர்வுதான் டானின்.

மூடிய புட்டிக்குள்ளும் தக்கை வழியாக மிக மிகக் கொஞ்சமாக ஆக்சிஜன் போய்க்கொண்டுதான் இருக்கும். டானின் அதைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. பழ வாசனை தப்பிக்கிறது. வருடங்கள் போகப்போக டானின் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளும் நிறமிகளோடும் கோத்துக்கொண்டு பெரிதாகி, அடியில் மண்டியாகப் படிகின்றன. பழைய ஒயினில் துவர்ப்பு தணிந்து, நிறமும் குறைந்திருப்பது இதனால்தான். புளிப்பின் வேலை வேறு. புளிப்பு நன்றாக உள்ள ஒயினில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் தலையெடுக்காது, ஆக்சிஜனேற்றமும் மெதுவாக நடக்கும். பழச்சுவை வடிந்த பிறகும் குடிக்கத் தூண்டுகிற உயிர்ப்பைத் தருவதும் இந்தப் புளிப்பே.

நிறம் இந்தக் கதையில் தனி. நெபியோலோவின் தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பங்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மங்கும் வகை. நிறம் போய்விடும், டானின் அப்படியே இருக்கும். ஆகவே வெளிறிய ஒயின் என்பதும் மெலிந்த ஒயின் என்பதும் ஒன்றல்ல.

ஒரு வாய் குடித்து விழுங்கியபின் இரண்டை மட்டும் கவனியுங்கள். கன்னங்களின் உட்புறம் உமிழ்நீர் எவ்வளவு ஊறுகிறது? ஈறு எவ்வளவு இறுகுகிறது? இரண்டும் பலமாக இருந்தால் வைக்கலாம். ஊறுகிறது, இறுகவில்லை என்றால் சில வருடம். இரண்டுமே இல்லையென்றால் எவ்வளவு மணமாக இருந்தாலும் அது இன்றைக்கான ஒயின்.

இரண்டாம் படி: எந்தத் திராட்சை என்று பாருங்கள்

இங்கேதான் அதிகம் கற்க வேண்டியிருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

கார்தா ஏரியின் கிழக்குக் கரையில், பழைய பனியாறுகள் கொட்டிவிட்டுப் போன கூழாங்கல் மேடுகளில் விளைவது பார்டொலீனோ. கொர்வீனாவும் ரொந்தினெல்லாவும் இதன் முக்கியத் திராட்சைகள். செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, சிறிது மிளகு, மெல்லிய புளிப்பு, டானின் குறைவு. அறுவடையிலிருந்து ஒன்று முதல் மூன்று வருடம், அதுவே இதன் நல்ல காலம். அதே திராட்சைகளிலிருந்து சற்றுக் கிழக்கே வரும் சாதாரண வால்பொலிசெல்லாவுக்கு ஒரு வருடம் கூட்டிக்கொள்ளலாம். உலர்த்திய திராட்சையில் செய்யும் அமரோனேவும் அந்தப் பகுதியினதுதான், ஆனால் அது கனமான ஒயின், இங்கே அது சேராது.

அதற்கு வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அல்தோ அதிஜேயில் ஸ்கியாவா. அங்கே ஜெர்மன் பேசுபவர்கள் இதை ஃபெர்னாட்ச் என்பார்கள். புளிப்பும் குறைவு, துவர்ப்பும் குறைவு. ஊதாப்பூ மணமும் கடைசியில் பாதாம் கசப்பும். கணக்குப்படி இது சீக்கிரம் குடிக்க வேண்டியது. லாகோ தி கல்தாரோ என்று லேபிளில் இருந்தால் அப்படியே செய்யுங்கள். ஆனால் போல்சானோ நகருக்கு மேலே உள்ள சாந்தா மத்தலேனா குன்றுகளில், வயதான கொடிகளிலிருந்து, லக்ரைன் என்ற அடர்நிறத் திராட்சை சிறிது கலந்து வருபவை ஐந்தாறு வருடம் அழகாக நிற்கும். பழம் சற்று ஒதுங்கி, பாதாமும் மண் வாசனையும் முன்னே வரும். விலை குறைவான ஒயினில் இப்படி ஒரு மாற்றம் கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம் தரும் விஷயம்.

சிசிலியின் தென்கிழக்கே வித்தோரியாவில் ஃப்ரப்பாத்தோ இருக்கிறது. தனியாகச் செய்தால் இரண்டு முதல் ஐந்து வருடம். நேரோ தாவொலா என்ற திராட்சையுடன் கலந்தால் அது செரசுவோலோ தி வித்தோரியா. 2005இல் இத்தாலிய ஒயின் சட்டத்தின் மிக உயர்ந்த படியான டிஓசிஜி தகுதி பெற்றது, சிசிலியில் அந்தத் தகுதி உள்ள ஒரே ஒயின். நேரோ தாவொலா தரும் கட்டமைப்பால் இது இன்னும் சில வருடம் கூடுதலாகத் தாங்கும். பரோலோ வட்டாரத்தின் வெர்தூனோ ஊரில் விளையும் பெலவெர்காவை நான் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் நிற்கும்தான். ஆனால் அதன் வெள்ளை மிளகு மணம் முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் துள்ளும். அதற்காகத்தானே அதை வாங்குகிறோம்? லிகூரியாவில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ரொஸ்ஸேசே தி தொல்செயாக்வா வேறு மாதிரி. மெல்லியதாகத் தெரிந்தாலும் உப்புச் சாயலும் கட்டுறுதியும் உண்டு. நல்ல தோட்டத்தினது எட்டு வருடம்வரை போகும்.

கிரின்யொலீனோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அஸ்தி, மொன்ஃபெராத்தோ குன்றுகளின் திராட்சை இது. ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின் என்று நினைக்கும் அளவுக்கு வெளிறிய நிறம். குடித்தால் ஈறு இறுகும்! இதன் பழத்தில் விதைகள் அதிகம். விதையிலிருந்து இறங்கும் டானின்தான் காரணம். சாதாரணமாக இதை துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் வைத்து, அடுத்த வருடமே விற்றுவிடுகிறார்கள். இரண்டு முதல் நான்கு வருடத்தில் குடித்துவிடலாம். ஆனால் மொன்ஃபெராத்தோவின் சில தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து மொன்ஃபெராச்சே என்ற பெயரில் இதை நீண்ட நாள் வைக்கும் ஒயினாகவே செய்கிறார்கள். குறைந்தது 40 மாதம் முதிர வேண்டும், அதில் 24 மாதம் மரப்பீப்பாயில். ஒரே திராட்சை, ஒரே வெளிறிய நிறம். ஒன்று கோடைக்கு, மற்றொன்று பத்து வருடத்துக்கு. நிறத்தை நம்ப வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, தோற்றத்தில் மட்டும் மென்மையானவை. எத்னா எரிமலைச் சரிவில், கடல்மட்டத்துக்குப் பல நூறு மீட்டர் மேலே விளையும் நெரெல்லோ மஸ்கலேசே. எத்னா ரொஸ்ஸோவில் குறைந்தது 80 சதவீதம் இது இருக்க வேண்டும். பகலில் சிசிலியின் வெயில், இரவில் மலைக்குளிர், அக்டோபர்வரை நீளும் அறுவடை. அதனால் புளிப்பு குறையாமல் பழுக்கிறது. ஐந்து முதல் பதினைந்து வருடம் தயங்காமல் வைக்கலாம். நெபியோலோ குடும்பத்தில் பரோலோ, பார்பரெஸ்கோ தவிர, சுவிஸ் எல்லையருகே கல் அடுக்கிய படிவயல்களில் வரும் வால்தெல்லீனா சுப்பீரியோரேவையும், வட பியெமோந்தேயின் காத்தினாராவையும் தேடுங்கள். பரோலோவைவிட இவை பொதுவாக மெலிந்தவை, விலையும் குறைவு. பத்து இருபது வருடம் எளிதில் தாங்குபவை. முதுமையடைந்த மெல்லிய ஒயின் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் புதியவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த இரண்டையும்தான்.

மேலே சொன்ன வருடங்கள் எல்லாம் நல்ல தயாரிப்பாளரின், குளிர்ச்சியாக வைக்கப்பட்ட புட்டிக்கு. மலிவு விலைப் புட்டிக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: லேபிளைப் படியுங்கள்

"நோவெல்லோ" என்று இருந்தால் அது அறுவடை ஆண்டு அக்டோபர் 30 முதல் விற்பனைக்கு வரும் புது ஒயின். திராட்சையில் ஒரு பகுதியை முழுப்பழமாகவே கார்பன் டை ஆக்சைடில் வைத்துப் புளிக்கச் செய்வதால் டானின் மிகக் குறைவு. சில மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

"சுப்பீரியோரே" என்றால் பொதுவாக ஆல்கஹால் சற்று அதிகம், பல இடங்களில் கூடுதல் முதிர்வும் உண்டு. "ரிசேர்வா" என்றால் விற்பனைக்கு வருமுன் நீண்ட முதிர்வு. "கிளாசிக்கோ" தரத்தைச் சொல்வதல்ல, அந்த வட்டாரத்தின் பழைய மையப் பகுதியைக் குறிப்பது. சட்டம் கேட்கும் முதிர்வுக் காலமே ஒரு துப்பு: பரோலோவுக்கு 38 மாதம், அதில் 18 மரத்தில், பார்பரெஸ்கோவுக்கு 26, அதில் 9, காத்தினாராவுக்கு 35, அதில் 24. ஓர் ஊரார் தங்கள் ஒயினை மூன்று வருடம் விற்காமல் வைத்திருக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால், அது இன்னும் பல வருடம் நிற்கும் என்ற அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது.

வைத்துக் குடிக்கும் ஒயின், உடனே குடிக்கும் ஒயின் என்ற பிரிவு இத்தாலியர்களுக்குப் புதிதல்ல. தஸ்கனியில் ஒயின் தயாரித்த பரோன் பெத்தீனோ ரிக்கசோலி, அந்தப் பகுதியின் கியாந்தி ஒயினின் கலவை பற்றி 1872இல் எழுதிய கடிதத்தில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். சிவப்புத் திராட்சைகளில் சாஞ்சோவேசே மணமும் வலுவும் தரும், கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கும். வெள்ளைத் திராட்சையான மால்வசியா ஒயினை இலகுவாக்கி அன்றாட மேசைக்கு ஏற்றதாக்கும், வைத்திருக்கும் ஒயினில் அதைத் தவிர்த்துவிடலாம் என்று. பின்னால் 1967இல் வந்த டிஓசி விதி, அதாவது ஒயினின் ஊரையும் கலவையையும் வரையறுக்கும் சட்டம், எல்லாக் கியாந்திக்கும் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது. ரிக்கசோலி பிரித்துக்காட்டிய வேறுபாடு அங்கே அழிந்துபோனது. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை வந்தது 2006இல்தான். எனவே 1970களின் கியாந்தி யாராவது விற்க வந்தால் தயாரிப்பாளரை நன்றாக விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அறுவடை ஆண்டையும் பாருங்கள். வெயில் கொளுத்திய 2003, 2017 போன்ற ஆண்டுகளில் பழம் சீக்கிரம் இனித்துவிடும், புளிப்பு இறங்கிவிடும். மெல்லிய ஒயின்களை அது அதிகம் பாதிக்கும். 2014 போன்ற மழையும் குளிரும் மிகுந்த ஆண்டில் ஒயின் மெலிந்து பிறக்கும், ஆனால் புளிப்பு இருக்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளை மோசமானவை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மென்மையை விரும்புகிறவர் ஒதுக்கக் கூடாது. பியெமோந்தேயில் 2010, 2016 இரண்டும் நெடுநாள் நிற்கும் ஆண்டுகள்.

நான்காம் படி: திறந்த புட்டியை வைத்துச் சோதியுங்கள்

ஒரே ஒயினில் இரண்டு மூன்று புட்டி வாங்குங்கள். முதலாவதைத் திறந்து ஒரு கிளாஸ் மட்டும் குடியுங்கள். தக்கையை மறுபடி செருகி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஒரு கிளாஸ், மூன்றாம் நாள் ஒரு கிளாஸ். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைத்த பிறகு. முதல் நாளே உச்சத்தில் இருந்து மறுநாள் சப்பென்று ஆகிவிட்டால், மீதிப் புட்டிகளைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள். மறுநாள் மணம் விரிந்திருந்தால், மூன்றாம் நாளும் நிமிர்ந்து நின்றால், அந்த ஒயினுக்குள் தாங்கும் வலு இருக்கிறது. திறந்த புட்டியில் சில நாளில் நடப்பது, மூடிய புட்டியில் பல வருடத்தில் நடப்பதற்குச் சமம் அல்ல. ஆனாலும் திசையைக் காட்டும். ஒயின் எழுத்தாளர்களின் மதிப்பெண்களைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

ஐந்தாம் படி: வைக்கும் இடம்

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், ஏற்ற இறக்கம் இல்லாமல். வெளிச்சம் படக் கூடாது. தக்கை போட்ட புட்டியைப் படுக்க வையுங்கள், தக்கை காய்ந்தால் காற்று புகும். திருகு மூடி என்றால் நிற்க வைத்தாலும் ஒன்றுமில்லை.

கனமான ஒயின் ஒரு கோடையைத் தாங்கிக்கொள்ளலாம், மெல்லிய ஒயினுக்கு அந்தத் தெம்பு இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ 30 டிகிரி அறையில் அலமாரியில் வைத்தால், இரண்டாம் படியில் சொன்ன வருடங்கள் எல்லாம் மாதங்களாகிவிடும். ஒயினுக்கான குளிர்ப்பெட்டி இல்லையென்றால் பத்து வருடத் திட்டம் போடாதீர்கள். சில மாதம் வைக்க வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டே போதும். கடையிலும் இதே கண்ணோடு பாருங்கள். தக்கை மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ, புட்டி வெப்பத்தில் வெந்திருக்கிறது.

ஆறாம் படி: பழைய புட்டியைத் திறப்பது

மண்டி அடியில் இறங்குவதற்காக ஒரு நாள் முன்பே நிற்க வையுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட தக்கை உதிரக்கூடும். சுருள் திருகியைவிட, பக்கவாட்டில் இரண்டு தகடுகளை இறக்கி இழுக்கும் திறப்பான் பாதுகாப்பானது.

இளம் பரோலோவை வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட வைப்பார்கள். முதிர்ந்த மெல்லிய ஒயினுக்கு அதைச் செய்யாதீர்கள். அதில் மிஞ்சியிருக்கும் நுண்ணிய மணம் அந்தக் காற்றிலேயே போய்விடும். புட்டியிலிருந்து நேரே, மெதுவாக, கலங்காமல் ஊற்றுங்கள். கடைசி இரண்டு விரற்கடை அளவை விட்டுவிடுங்கள். பரிமாறும் சூடு 15, 16 டிகிரி. இளம் ஸ்கியாவா, பார்டொலீனோ என்றால் 12, 13 வரை இறக்கலாம்.

ஊற்றியதும் விளிம்பில் ஆரஞ்சோ செங்கல் நிறமோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், இந்தத் திராட்சைகளுக்கு அது இயல்பு. முதலில் எழும் மூடிய வாடை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் விலகும். உயிரோடு இருக்கும் ஒயினில் காய்ந்த ரோஜா, தேயிலை, ஈர மண், காளான், ஆரஞ்சுத் தோல் ஆகிய மணங்கள் வரும். வாயில் புளிப்பு இன்னும் இழுக்கும். களைத்த ஒயினில் மணம் இருக்கும், விழுங்கியதும் ஒன்றும் மிஞ்சாது. செத்த ஒயின் காடி நாறும், அல்லது பழுப்பேறி, காய்ந்த கொட்டைகளின் வாடை மட்டும் அடித்து, சப்பென்று இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது வயதின் குற்றமல்ல, தக்கையில் வந்த கேடு. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. விற்ற கடையில் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

கூடச் சாப்பிடுவது ஒயினை அடக்கிவிடக் கூடாது. பியெமோந்தேயில் முதிர்ந்த நெபியோலோவுக்கு வெண்ணெயில் புரட்டிய தஜரின் நூடுல்ஸும் காளானும்; அல்தோ அதிஜேயில் ஸ்கியாவாவுக்குப் புகையூட்டிய பன்றி இறைச்சியான ஸ்பெக். பார்டொலீனோவைச் சற்றுக் குளிர வைத்தால் மீனுக்கே ஒத்துப்போகும். காரமான குழம்பு வகைகளுக்கு இளம் ஃப்ரப்பாத்தோ சேரும். இருபது வருட வால்தெல்லீனாவை அதோடு வைத்தால் அதன் மணம் எதுவும் எட்டாது.

பழைய புட்டியைத் திறந்த அன்றே முடித்துவிடுங்கள். மூன்று நாள் சோதனை இளம் ஒயினுக்கு மட்டும். களைத்துப்போன ஒயினை வீசாதீர்கள், இறைச்சியை மெதுவாக வேகவைக்கும்போது ஊற்றலாம். காடியானதையும் அட்டை வாடை அடிப்பதையும் சமையலில் சேர்க்க வேண்டாம், அந்த வாடை உணவிலும் தங்கிவிடும்.